பானுமதியின் போனில் மூன்றாவது ஆள்

மாணிக்கம் அரிவாளைச் சாணை பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

மிளகுத் தோட்டத்தில் கிளை கழிக்கிற அரிவாள்தான். ஆனால் அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் கிளை கழிக்கப் போகிறவனாகத் தெரியவில்லை. சோளக்காடு சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் குவிந்து கிடந்த கடைகளுக்கு நடுவே, தன் தங்கை பானுமதியின் கடைப் பலகை மேல் அதை வைத்துவிட்டு, துப்பறிய வந்த இருவரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கறனுங்க. அதுக்குள்ள நீங்க ஏதாச்சும் பண்ணோணும். இல்லாட்டி நான் திண்ணனூருக்குப் போய் அவன் கையை எடுத்துட்டு வாரேன். அப்பறம் என்னை யாரும் கேக்கக் கூடாது."

அப்போது மணி பதினொன்றரை.

"அண்ணா, அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றான் ராசு. "எழுபது வளைவு சுத்தி மலை மேல வந்ததுல பாதி உசுரு கீழயே நின்னுருச்சு. மீதிதான் உங்க முன்னாடி நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. ராசுவுக்கு அது பழக்கம்தான். முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடம் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாய் நீளம் என்று முதலாளி இறக்கிவிட்டார். அந்த வாய்க்காகவே அம்சவேணி ஏற்றிக்கொண்டார்.

அம்சவேணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு செல்போன் கம்பெனியின் புகார் கவுண்டரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்து, ஊராரின் பொய்யையும் அழுகையையும் கேட்டுக் கேட்டு, கடைசியில் நாமக்கல்லில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டவர். அவர் அரிவாளையும் பார்க்கவில்லை, அதன் சொந்தக்காரனையும் பார்க்கவில்லை. பானுமதி நீட்டிய போனை மட்டும் வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். பானுமதியும் திண்ணனூர் இளங்கோவும் நான்கு வருடம் பழகி, இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொண்டு, நிச்சயம் வரைக்கும் போய், பதினோரு மாதத்துக்கு முன்னால் பிரிந்தவர்கள். இளங்கோ சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். யாரிடம் பேசினாய், எதற்குச் சிரித்தாய், பஸ்ஸில் ஏன் அந்த ஸீட்டில் உட்கார்ந்தாய் என்று நாள் தவறாமல் கேட்டவனிடம், ஒருநாள் அவளே நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மோதிரம் போனது. போன் பிரியவில்லை. அவள் முதன்முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியபோது இளங்கோதான் கூடப் போய், தன் அக்கவுண்டையே அதிலும் போட்டுக் கொடுத்திருந்தான். ரெண்டு பேருக்கும் எதற்கு வேறு வேறு என்று அன்றைக்கு அது இனித்தது. அவள் எடுத்த போட்டோ அவன் போனிலும் விழும். அவன் பதிந்த பெயர் இவள் போனிலும் வரும். பாஸ்வேர்டு அவனிடம். மறந்துபோனால் மாற்றுவதற்கு வருகிற ரகசிய எண்ணும் அவன் நம்பருக்குத்தான் போகும். ஊர் ஊராக மிளகும் தேனும் காபிக்கொட்டையும் பார்சல் போடுகிற பானுமதியின் நானூறு வாடிக்கையாளர்களும், அவர்களின் விலாசமும் ஆர்டரும் அந்த ஒரே அக்கவுண்டுக்குள் கிடந்தன. அதிலேயே இருக்கவும் அருவருப்பு, விட்டுவிட்டு வரவும் வழியில்லை.

மூன்று வாரமாகப் பெயரில்லாத ஒரு மெயிலிலிருந்து மிரட்டல் வந்துகொண்டிருந்தது. அன்று காலையில் வந்தது கடைசி எச்சரிக்கை. நாலு மணிக்குள் அந்த அக்கவுண்டை விட்டு அவள் வெளியே போக வேண்டும். போகாவிட்டால், பானுமதியின் மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறது என்று நானூறு பேருக்கும் அவள் பெயரிலேயே செய்தி போகும்.

"இதுல துப்பறிய என்னங்க இருக்குது?" என்றான் மாணிக்கம். "அவந்தான். அவனைத் தவிர வேற யாருக்கு எங்க போன் தெறக்கும்?"

அம்சவேணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பழைய மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. 'செவ்வாக்கிழமை நாமக்கல்ல நாலு மணி நேரம் யார் கூட இருந்த?' என்று கேட்டிருந்தது.

"போனீங்களா கண்ணு?"

பானுமதி போகவில்லை. போன்தான் போனது. கண்ணாடி உடைந்துவிட்டதென்று, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருந்தாள்.

"கண்டக்டர் கையில குடுத்தீங்களா?" என்றான் ராசு. "நாமக்கல்லோட நின்னுச்சேன்னு சந்தோசப்படுங்க. எங்கிட்டக் குடுத்து விட்ட ஒரு மிக்ஸி மூணு மாவட்டம் பாத்துட்டுத்தான் ஊடு வந்து சேந்துச்சு."

அம்சவேணி அவனைக் கையமர்த்திவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை இளங்கோ எங்கே இருந்தான் என்று தெரியுமா எனக் கேட்டார். பானுமதியின் முகம் இறுகியது. தெரியாமல் என்ன, மத்தியானம் இந்தக் கடைக்கு எதிரில்தான் வேனை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான்.

"அப்போ உங்களை இங்க கண்ணால பாத்தவன், அதே நேரத்துல நாமக்கல்ல யார் கூட இருந்தன்னு கேப்பானா?"

மாணிக்கம் மசியவில்லை. அவன் நடிக்கிறான், பெரிய கள்ளன் என்றான். அம்சவேணி மறுத்துப் பேசாமல் அடுத்த மெயிலுக்குப் போனார். பலாப்பழத்தைத் தின்று பல்லைக் காட்டுகிற வாயை ஊர் முன்னால் மூட வைக்கிறேன் என்று அதில் இருந்தது. பானுமதி உதட்டைச் சுழித்தாள். அவள் பலாப்பழமே தொடுவதில்லை. ஒரு சுளை தின்றால் முகம் வீங்கிவிடும். தெரியாமல் ஒருமுறை தின்றபோது அவளை வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியதே இளங்கோதான். போன வாரம் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பழத்தைப் பிளந்து கையில் பிடித்து ஒரு போட்டோ எடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவது மெயிலில் ஒரே வரி. 'உங்க அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லட்டுமா?'

அதைப் படித்துக் காட்டியதும் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்த நம்பர் இப்போது மாணிக்கத்தின் மனைவியிடம் இருக்கிறது. போனில் 'அம்மா' என்ற பெயரை மாற்றப் பானுமதிக்கு மனம் வரவில்லை.

"அம்மாவைத் தூக்குனப்ப அவனும் ஒரு பக்கம் தோள் குடுத்தான்" என்றாள் மெதுவாக.



"எழுதினவங்களுக்கு உங்க போன் தெரியும், உங்களைத் தெரியாது" என்றார் அம்சவேணி. "போன் போன எடம் தெரியுது, நீங்க போன எடம் தெரியல. போட்டோ தெரியுது, ஒடம்பு தெரியல. அம்மாங்கற பேரு தெரியுது, சாவு தெரியல. இன்னொண்ணு. பாஸ்வேர்டு இளங்கோகிட்ட இருக்குது. அவன் நெனச்சா ஒரு நிமிசத்துல உங்களை வெளிய தள்ளிரலாம். சாவி வச்சிருக்கறவன் எதுக்கு மூணு வாரமா வெளிய போ, வெளிய போன்னு கத்திக்கிட்டு இருக்கோணும்?"

மாணிக்கம் அரிவாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பலகை மேல் வைத்தான்.

"மூணாவதா ஒரு போன் இதுக்குள்ள இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்சவேணி அக்கவுண்டில் சேர்ந்திருக்கிற போன்களின் பட்டியலை எடுத்தார். இருந்தது. பானுமதியின் போன், இளங்கோ ஆறு மாதத்துக்கு முன்னால் வாங்கிய புதுப் போன், அவனுடைய பழைய போன். பழையது தூங்கவில்லை. இன்று காலையிலும் வேலை செய்திருக்கிறது. யார் கையில் என்றுதான் அதில் எழுதியிருக்கவில்லை.

"அவங்க நம்மளைப் பாக்க முடியும்னா நம்மளும் அவங்களைப் பாக்க முடியும்" என்று போனை ராசுவிடம் கொடுத்தார். "பேரு பதிஞ்சு வச்சிருக்கற பக்கத்துக்குப் போ. இந்தப் பொண்ணும் அவனும் பதியாத பேரு ஏதாச்சும் இருக்குதான்னு பாரு."

அறுநூறு பெயர்களுக்கு மேல் இருந்தன. நின்றுகொண்டு வருகிற கூட்டத்தில் டிக்கெட் வாங்காத முகத்தைப் பொறுக்கி எடுத்துப் பழகியவன் ராசு. ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தான்; பானுமதி 'நம்மளுது', 'அவனுது' என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்றே பெயர்களுக்கு அவள் தலையை ஆட்டவில்லை. 'பொன்னாயி டெய்லர்'. 'மருதாணி அக்கா'. மூன்றாவது, வெறும் 'மாமா'.

அந்த 'மாமா'வின் நம்பரைப் பார்த்ததும் பானுமதி பலகையைப் பிடித்துக்கொண்டாள். இளங்கோவின் பெயரை அவள் எப்போதோ அழித்துவிட்டாள். நம்பரை அழிக்க முடியவில்லை, அது மனப்பாடம்.

"டெய்லர், மருதாணி, மாமா" என்றான் ராசு. "இதுக்குத் துப்பறியற ஆபீசு எதுக்குங்க? மேளக்காரன் வந்தாலே போதும்."

இளங்கோவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று காதில் விழுந்திருந்தது. பெண் யார் என்று பானுமதி விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பிடிக்கவில்லை.

டெய்லர் பொன்னாயியின் கடை அதே சந்தையில் நாலு கடை தள்ளி இருந்தது. வாடிக்கைப் பெண்களின் பேரையும் ஊரையும் வழிப்போக்கனுக்குச் சொல்கிற பொம்பளை இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ராசு கேட்கவே இல்லை. திண்ணனூர் வேன்கார இளங்கோ வீட்டிலிருந்து வருவதாகவும், கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையை இரண்டு இஞ்சு குறைக்கச் சொன்னார்கள் என்றும் சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். பொன்னாயிக்குக் கோபம் வந்த வேகத்தில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்தது. முழங்கை வரைக்கும் வேண்டுமென்று அந்த ரஞ்சிதா நேற்றுத்தான் வளப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள், அருணாசலம் மகளுக்கு என்ன வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டில் எவன் முடிவு பண்ணுகிறான் என்று பொன்னாயி போட்ட சத்தம் மூன்று கடைக்குக் கேட்டது.

"கேள்வி கேட்டாத்தான் பதில் சொல்ல மாட்டாங்க" என்றான் ராசு, திரும்பி வந்து. "தப்பாச் சொன்னாத் திருத்தறதுக்கு எல்லாருமே வாத்தியாருங்க."

கிளம்பும்போது பானுமதியும் காரில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று அம்சவேணி சொல்லிப் பார்த்தார். என் போனுக்குள் உட்கார்ந்திருக்கிறவளை நானே பார்க்க வேண்டும் என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். மாணிக்கம் சந்தையிலேயே நின்றான். நாலு மணி என்று மறுபடியும் விரலைக் காட்டினான்.

வளப்பூருக்குப் போகிற சாலை ஒரு வண்டிக்குத்தான் அகலம். பஸ் எதிரே வந்த இரண்டு இடத்தில் ராசு காரைப் பின்னுக்கு எடுத்து எடுத்துக் கழுத்து வலித்தது. பின் ஸீட்டிலிருந்து பானுமதி, முன்னால் அம்சவேணி தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த தன் போனை, அது ஏதோ ஊர்கிற பூச்சி என்பது போலப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அருணாசலத்தின் வீட்டுக்கு இன்னும் ஒரு வளைவு இருந்தது. அங்கேயே சாலையோரத்தில் ஒரு பெண் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். ராசு வழி கேட்கக் கண்ணாடியை இறக்கினான்.

"எறங்குங்க" என்றாள் அவள். "முக்கா மணி நேரமா நிக்கறேன். சோளக்காட்டுல கெளம்புனப்பவே தெரியும்."

ராசு அம்சவேணியைப் பார்த்தான். "அக்கா, நம்ம வாரதுக்கு முன்னாடியே நம்ம வந்து சேந்துட்டமாட்ட இருக்குது."

போனை அணைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அவருக்கே அது உறைத்திருந்தது. பத்தொன்பது வருட அனுபவத்துக்கு இது அழகில்லை என்று அவர் முகம் சொன்னது.

பானுமதி இறங்கினாள். இரண்டு பெண்களும் நேருக்கு நேர் நின்றார்கள். மேலே பலா மரத்தில் ரஞ்சிதாவின் அப்பா காயை வெட்டிக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக் கூடாதென்று இருவருமே குரலைத் தாழ்த்திக்கொண்டதுதான் ராசுவுக்கு அதிக பயமாக இருந்தது. கத்தினால் கையை நீட்டமாட்டார்கள். இப்படிப் பேசினால் நீட்டுவார்கள்.

"நீ யாரு என் மிளகுல பப்பாளி வெதை இருக்குதுன்னு சொல்றதுக்கு?"

"நீ யாரு இன்னொருத்திக்கு நிச்சயமான ஆளோட போன்ல குடியிருக்கறதுக்கு?"

ரஞ்சிதா இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து நீட்டினாள். நிச்சயத்தன்று மாமா கொடுத்த போன். பழசுதான், ஆனால் அவர் கையில் இருந்தது என்று ஆசையாக வாங்கிக்கொண்டாள். திறந்தால் தினமும் இவள் முகம். இவள் எடுக்கிற போட்டோ, இவள் போகிற இடம், இவளுக்கு வருகிற ஆர்டர். மாமாவிடம் கேட்டிருக்கிறாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். அவளாகத்தான் எனக்கு எல்லாம் அனுப்புகிறாள், விடமாட்டேன் என்கிறாள், நான் என்ன செய்யட்டும் என்று ரஞ்சிதா எதிரிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்ல வார்த்தையில சொன்னா நீ போக மாட்டேன்னு தெரிஞ்சுது. அதனாலதான் எழுதுனேன். இன்னும் எழுதுவேன்."

"நான் அவனை விடமாட்டேங்கறனா?" பானுமதியின் கை உயர்ந்தது. ராசு நடுவில் போய் நின்றுகொண்டான். எந்தப் பக்கத்து அடி முதலில் விழும் என்று கணக்குப் போட நேரமில்லை.

"நீ இந்தப் பொண்ணு இருக்கற எடத்த எத்தனை தடவ தேடின கண்ணு?" அம்சவேணியின் குரலில் கோபமே இல்லை, கவுண்டரில் டோக்கன் நம்பர் கேட்கிற மாதிரி இருந்தது.

ரஞ்சிதா முறைத்தாள். பத்துப் பதினைந்து தடவை இருக்கும், அதற்கென்ன என்றாள்.

"பதினாலு. எந்தப் போன்ல இருந்து, எந்த நேரத்துல தேடினாலும் அக்கவுண்ட்ல பதிவாகும். வர்ற வழியில பாத்தேன்." பானுமதியின் போனை அவள் பக்கம் திருப்பினார். "இது உங்கிட்ட இருக்கற பழைய போன். மூணு வாரம், பதினாலு தடவ. இப்பக் கீழ தள்ளிப் பாரு. இது புதுப் போன்."

ரஞ்சிதா ஒரு விரலால் தள்ளினாள். நேற்று, காலை ஆறு மணி. முந்தாநாள், காலை ஆறு மணி. அதற்கு முந்தின நாள், ஆறு மணி. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மாதங்கள் ஏறின. ஒரு கட்டத்தில் புதுப் போன் முடிந்து பழைய போனின் பெயரே வந்தது. அது அப்போது இளங்கோவின் கையில் இருந்த காலம். அப்போதும் ஆறு மணிதான். பதினோரு மாதம். பிரிந்த அதே வாரத்தில், எந்தப் போனையும் வெளியேற்றாமல், பாஸ்வேர்டு மாற்றப்பட்டதற்கான பதிவும் அதற்குக் கீழே இருந்தது. மறந்துபோனவன் மாற்றிய பாஸ்வேர்டு.

மிரட்டல் எழுதியவள் எதிரில் நின்றாள். ஒரு எழுத்துக்கூட எழுதாமல் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு எங்கோ வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மாணிக்கம் தேடிய ஆள் இளங்கோ இல்லை என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். இப்போது பார்த்தால், இளங்கோ செய்தது மாணிக்கம் சந்தேகப்பட்டதை விடப் பெரிதாகவே இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் ஒரு பதிவு இருந்தது; வேனை நிறுத்தித் துப்பிவிட்டுப் போனதும் எதேச்சை இல்லை. போன் நாமக்கல்லுக்குப் போயிருக்கிறதே, ஆளும் போயிருக்கிறாளா என்று பார்க்க வந்திருக்கிறான்.

பானுமதி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு மணிக்கா?" என்றாள் ரஞ்சிதா. யாரிடமும் கேட்கவில்லை. "ஆறு மணி மூணு நிமிசத்துக்கு எனக்கு குட் மார்னிங் அனுப்புவாரு. ஒரு நாள் கூடத் தவறுனதில்ல. நான் எந்திரிச்சவுடனே என் நெனப்புத்தான்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஒரு தேதியைத் தேடினாள். அவளுடைய நிச்சயதார்த்த நாள். அன்றைக்கு மட்டும் நாலு தடவை இருந்தது. ஒன்று, பதினொன்றே கால் மணி.

"தட்டு மாத்துன நேரம்" என்றாள்.

பலா மரத்திலிருந்து ஒரு காய் மெதுவாகக் கயிற்றில் இறங்கி மண்ணில் உட்கார்ந்தது.

அம்சவேணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். இளங்கோ இந்த நேரத்தில் பார்த்தால் பானுமதியின் போன் வளப்பூரில் இருப்பது தெரிந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்கான ரகசிய எண் அவன் நம்பருக்குத்தான் போகும். அவனிடம் கேட்டு வாங்க இந்த உலகத்தில் யாரால் முடியும் என்று அவர் யோசிக்கத் தொடங்கும்போதே ரஞ்சிதா தன் போனில் 'மாமா'வை அழுத்திவிட்டாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"மாத்தச் சொல்லிக் குடுங்க" என்று மட்டும் அம்சவேணியிடம் உதட்டை அசைத்தாள்.

அம்சவேணி போனில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பானுமதி கையில் கொடுத்தார். இளங்கோ எடுத்தான். ரஞ்சிதாவின் குரல் மாறியதைக் கேட்டு ராசு அவளைத் திரும்பிப் பார்த்தான். முகம் கல்லாக இருந்தது. குரலில் தேன் சொட்டியது.

"மாமா, நீங்க குடுத்த போனு என்னமோ பாஸ்வேர்டு கேட்டு நின்னுக்கிச்சு. உங்க நம்பருக்கு ஒரு எண்ணு வரும்னு சொல்லுது. சொல்றீங்களா? அப்பத்தான் பொழுதோட உங்ககூடப் பேச முடியும்."

அவன் சிரித்தான். இதுகூடத் தெரியாதா உனக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் நாந்தான் பாத்துக்கோணும் போல என்றான். எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கல்லில் உட்கார்ந்திருந்த பானுமதி அதைத் தன் போனில் அடித்தாள். ஒரு முறை தப்பாகி, மறுபடி அடித்தாள். புதுப் பாஸ்வேர்டு கேட்டது. போட்டாள். மற்ற எல்லாப் போன்களையும் வெளியேற்றவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். ரகசிய எண் இனி யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டது. தன் நம்பரைப் போட்டாள்.

ரஞ்சிதாவின் கையிலிருந்த போனில் போட்டோக்கள் ஒரே நொடியில் மறைந்தன.

பானுமதி முதல் வேலையாக அண்ணனைக் கூப்பிட்டு, எங்கும் போக வேண்டாம், நான் வந்து சொல்கிறேன் என்றாள். மாணிக்கம் ஏதோ கத்தினான். நான் சொல்கிறேன் அல்லவா, கடையிலேயே இரு என்று அவளும் கத்தினாள். அந்தக் குரலில் தைரியம் இருந்தது; காலையில் அது இல்லை.

அவள் பேசி முடிக்கவில்லை, ரஞ்சிதாவின் போன் அடித்தது. மாமா. ரஞ்சிதா எடுத்தாள். ஒலிபெருக்கி போட்டபடியே இருந்தது.

"அந்த எண்ணை எதுக்குக் கேட்ட?" சிரிப்பு போயிருந்தது. "என் போன்ல அந்த அக்கவுண்ட் இல்ல. யாரு எடுத்தது? உன் பக்கத்துல யாரு இருக்கறா?"

"நீங்கதான் மறந்துட்டேன்னு சொன்னீங்களே மாமா. மறந்த அக்கவுண்ட் போயிருச்சுன்னு ரெண்டே நிமிசத்துல எப்படித் தெரிஞ்சுது?"

மறுபக்கத்தில் வேன் பிரேக் போட்டு நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் அங்கே வந்திருக்கிறாளா, மரியாதையாகச் சொல், நான் இப்போதே வந்தால் என்ன நடக்கும் தெரியுமா என்று தொடங்கினான். ரஞ்சிதா முழுவதும் கேட்கவில்லை. அணைத்தாள். போனின் பின்பக்கத்தைத் திறந்து தன் சிம்மை எடுத்துக்கொண்டு, போனை அம்சவேணியிடம் கொடுத்தாள். இளங்கோ வந்து நின்றால் சாட்சியாகக் காட்டுவதற்கு வேண்டியிருக்கும், அதுவரை உங்களிடம் இருக்கட்டும் என்றாள். அவன் வந்தால் தங்களையும் கூப்பிடச் சொல்லி அம்சவேணி தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பானுமதி எழுந்து அவள் முன்னால் வந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று ராசு எதிர்பார்த்தான். ரஞ்சிதாதான் முந்திக்கொண்டாள்.

"உங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். மூணு வாரம் தூக்கமில்லாம உன்னைத் திட்டியிருக்கறேன். அது அவ்வளவு சீக்கிரம் போகாது."

"நானும் கேக்கல" என்றாள் பானுமதி. "எனக்கும் போகாது."

காரில் ஏறிக்கொண்டாள். ராசு சாவியைத் திருகினான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ரஞ்சிதா பலா மரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, கீழ எறங்குங்க."

இன்னும் நாலு காய் இருக்கிறது, இறக்கிவிட்டு வருகிறேன் என்று மேலிருந்து குரல் வந்தது.

"காய் இருக்கட்டும்ப்பா" என்றாள் அவள். "நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகோணும்னீங்க இல்ல? நீங்க போக வேண்டியதில்ல."